கீல் இல்லாமல் நின்ற கதவு

அண்ணி குனிந்து சுத்தியலை முகர்ந்து பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கா அண்ணி?" என்றான் ஓட்டைவாயன்.

பக்கத்தில் நின்ற காவலாளிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கினான். சிரிக்கிற நாளா அது? காலையிலிருந்து கோட்டைக்குள் இருந்த அத்தனை உயிரும் பொறியில் விழுந்த எலியாக முழித்துக்கொண்டிருந்தது.

ஓட்டைவாயன் என்பது ஊர் வைத்த பேர். அப்பா அம்மா வைத்த பேரை அவனே மறந்துபோய் ரொம்ப நாளாகிறது. அவனுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணி, அந்தக் கோட்டையில் துப்புத் துலக்குவதைத் தொழிலாக வைத்திருந்தாள். ஆடு காணோமென்றாலும் அண்ணிதான், வீட்டுக்காரன் காணோமென்றாலும் அண்ணிதான். "ஆடுன்னா சீக்கிரம் கிடைச்சிடும். வீட்டுக்காரன்னா கொஞ்சம் நாளாகும், அது கத்தாது" என்று வருகிறவர்களிடம் விவரம் சொல்வது கொழுந்தனின் வேலை. அண்ணி கேள்வி கேட்பாள். இவன் வாயைத் திறந்து எதிராளிக்கு எரிச்சல் மூட்டுவான். எரிச்சலில் இருக்கிறவன் உண்மையை உளறிவிடுவான். இத்தனை வருஷமாக அப்படித்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் இன்றைக்கு வந்த வழக்கு ஆடு இல்லை.

கோட்டையைச் சுற்றிலும் செங்குத்தான மலை. வெளியே போக ஒரே ஒரு வாசல். வாசலுக்கு மூன்று ஆள் உயரக் கல் கதவு. அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. தினமும் விடிந்ததும் வாசல்காரர் இடிமுழக்கி என்கிற சுத்தியலை எடுத்து வந்து வாசல் கல்லில் ஒரு அடி அடிப்பார். இடி இடித்த மாதிரி சத்தம் கேட்கும், கதவு தானாக விலகும். சாயங்காலம் மறுபடி ஒரு அடி, கதவு மூடிக்கொள்ளும். இடிமுழக்கியின் கதை தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் தளபதி பூதங்களோடு சண்டை போட்டபோது அந்தச் சுத்தியலால் தரையில் ஓங்கி அடித்தாராம், நாலு பக்கமும் மலை முளைத்து ஊரைக் காப்பாற்றியதாம். பூதங்களின் மண்டையை அதே சுத்தியலால் உடைத்தாராம். எத்தனை மண்டை என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது.

அப்பேர்ப்பட்ட சுத்தியல் இன்றைக்குக் காலையில் 'டொக்' என்றது. அவ்வளவுதான். கதவு அசையவில்லை.

அதுவும் எப்பேர்ப்பட்ட நாளில்! இப்போதைய தளபதி படை திரட்டியிருந்தார். கணவாயைத் தாண்டிப் போய் பூதங்களைத் தேடிப்பிடித்து அடிக்க வேண்டுமாம். பாட்டன் காலத்திலிருந்து எந்தப் பூதமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இருந்தாலும் அவருக்கும் ஒரு கதை வேண்டுமே. முன்னே இதே மாதிரி போன படை திரும்பி வரவே இல்லை என்பதை யாரும் அவர் காதுபடச் சொல்லவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பனி விழுந்துவிட்டால் கணவாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் கோடை வரைக்கும் யாரும் எங்கேயும் போக முடியாது.

தளபதி கொதித்தார். "நிஜச் சுத்தியலைப் பூதங்களுக்கு வித்துட்டு, போலியை வெச்சிருக்கான் இந்த வாசல்காரன்! சூரியன் மறையறதுக்குள்ள கதவு திறக்கணும். இல்லேன்னா மதில் மேலேர்ந்து இவனை உருட்டி விடுங்க!"

அந்த வாசல்காரர் ஓட்டைவாயனின் மாமனார். வீட்டில் அவன் பெண்டாட்டி காலையிலிருந்து அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தாள். அதனால் அவன் அன்றைக்குப் பேசின பேச்செல்லாம் பயத்தில் பேசினது. பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், இவனுக்கு வாய் ஓயாது.

"இது போலி இல்ல," என்று நிமிர்ந்தாள் அண்ணி. "இந்த ஓரத்துல ஒரு உடைசல் இருக்கு பாரு. உன் மாமனார் சின்ன வயசுல கால்ல போட்டுக்கிட்டதால வந்தது. அவர் கட்டை விரல்ல அதுக்கு ஜோடித் தழும்பு இருக்கு. இரும்பு அதே இரும்புதான்."

"அப்போ ஏன் திறக்கலை? கதவுக்குக் காது கேக்கலையா?"

"பிடி புதுசு." அண்ணி சுத்தியலின் உச்சியைத் திருப்பினாள். கைப்பிடி இரும்புத் தலைக்குள் புகுந்து மேலே எட்டிப் பார்க்கிற இடத்தில், மரத்தைப் பிளந்து ஒரு விரல் நீள இரும்பு ஆப்பு அடித்திருந்தது. தலை கழன்று பறக்காமல் பிடித்துக்கொள்வது அந்த ஆப்புதான். "இதைப் பாரு. எத்தனையோ தடவை கழற்றி அடிச்ச ஆப்புன்னா தலை நசுங்கி விரிஞ்சிருக்கும். இது நேத்துப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கு."

"ஆப்பு புதுசுன்னா என்ன அண்ணி? பழைய ஆப்பு தேஞ்சு போயிருக்கும், மாத்தியிருப்பாங்க."

அண்ணி காவலாளியிடம் திரும்பினாள். "காலையில வாசல்காரர் எத்தனை அடி அடிச்சாரு?"

"ஒரு அடிதாம்மா. அடிச்சாரு. சுத்தியலைக் கீழே வெச்சாரு. கையை நீட்டினாரு."

"எதுக்கு?"

"விலங்கு மாட்டத்தான்."

"படை என்ன பண்ணுது இப்போ?"

"வாசல்லேயே உக்காந்திருக்கு. தளபதி முதல் காலடி வைக்காம யாரும் வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினா தலை போகும்னு சட்டம். கதவு திறந்தாத்தானே அவர் காலடி வைக்கிறது? அவரும் உறுமிக்கிட்டு இருக்கார். யார் யார் முன் வரிசைன்னு வேற கிளம்புற நேரத்துலதான் கூப்பிடுவாராம். அதனால ஊர்ல ஒருத்தனுக்கும் சோறு இறங்கலை."

அண்ணி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். அவள் மூக்கைத் தேய்த்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் சளி. எது என்று கேட்க ஓட்டைவாயனுக்கு நேரமில்லை. அவளுக்குப் பின்னால் ஓடினான்.

சிறை என்பது மலையில் குடைந்த ஒரு பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். மாமனார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மருமகனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இவனை எதுக்குக் கூட்டிட்டு வந்தே? சாகப்போற நேரத்துலேயாவது ஒரு மனுஷனுக்கு நிம்மதி வேணாமா?"

"மாமா, உங்க பொண்ணு வீட்டுல அழுதுக்கிட்டே இருக்கா," என்றான் ஓட்டைவாயன்.

"அழட்டும். இன்னிக்கு அழுதா அதோட போச்சு."

இப்படியும் ஒரு தகப்பனா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் அவனை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. பந்தியில் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார். அவன் பேச ஆரம்பித்தால் எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். ஆடு குடித்து முடித்திருந்தாலும் காட்டுவார்.

அண்ணி குனிந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "நேத்து சுத்தியலுக்குப் புதுப் பிடி போட்டாங்களாமே?"

"படை கிளம்பறப்போ புதுப் பிடி போடறது வழக்கம். பிடிக்காரம்மா வந்து போட்டா. நான் பக்கத்துலேயே நின்னேன்."

"ஆப்பு?"

"பழைய ஆப்புதான். பிடி மாறும், ஆப்பு மாறாது. எங்கப்பா காலத்துலேயும் அப்படித்தான், அவங்கப்பா காலத்துலேயும் அப்படித்தான்."

"ஏன் அப்படி?"

"வழக்கம்னா வழக்கம். ஏன்னு யாரு கேட்டா?"

"நான் பார்த்துட்டுத்தான் வரேன். சுத்தியல்ல இருக்கிறது புது ஆப்பு."

மாமனார் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. "எனக்கு வயசாச்சும்மா. கண்ணு சரியா தெரியலை. போயிட்டு வா." அண்ணி எழுந்து நடந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இவனை வீட்டுக்கு அனுப்பிடு. வாசல் பக்கம் விடாதே."

"பார்த்தீங்களா?" என்று வெளியே வந்ததும் பொருமினான் ஓட்டைவாயன். "நான் சாவுக்கு வந்து நிக்கிறதுகூட அந்த ஆளுக்குப் பிடிக்கலை!"

"வாயை மூடிக்கிட்டு நட தம்பி. பொழுது இறங்குது."

பிடிக்காரம்மாவின் பட்டறை சந்துக் கோடியில் மலையை ஒட்டி இருந்தது. கோடரி, மண்வெட்டி, சுத்தியல் எது வாங்கினாலும் பிடி போட அவளிடம்தான் வர வேண்டும். அவள் வீட்டுக்காரன் முன்னே போன படையோடு போனவன். போனவன் போனவன்தான். ஒரே மகன் இப்போது வாசலில் ஈட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவள் இழைப்புளியால் ஒரு கட்டையை இழைத்துக்கொண்டிருந்தாள். சீவல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது.

"வாங்க வாங்க," என்றாள். "என்ன ஓட்டைவாயா, மாமனாருக்கு இப்படி ஆயிடுச்சே."

"ஆமாக்கா. அவருக்காக ஊரே அழுவுது. அவர் என்னைப் பார்த்து அழுறார்."

அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "இடிமுழக்கியோட பழைய ஆப்பு எங்கேக்கா?"

இழைப்புளி ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது. "அதுவா? தேஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன். பழைய சாமானெல்லாம் உள்ளே கட்டை அறையில கிடக்கு. மூலையில ஒரு கூடை இருக்கும், போய்ப் பாருங்க. எனக்கு முட்டி வலி, எழுந்திருக்க முடியலை."

உள்ளே மலையில் குடைந்த ஓர் அறை. காய வைத்த கட்டைகள், பாதி செதுக்கின பிடிகள், மரத்தூள் வாசனை. உச்சியில் கை அகலத்துக்கு ஒரு வெளிச்சத் துவாரம். இருவரும் மூலைக் கூடை மேல் குனிந்தார்கள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அடியில் ஏதோ 'டக்' என்று உதைபட்ட சத்தம் கேட்டது.

"முட்டி வலி பறந்துபோச்சு போல," என்றான் ஓட்டைவாயன்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். அசையவில்லை. "அக்கா! விளையாடாதீங்கக்கா! நேரம் இல்ல!"

வெளியே சத்தமே இல்லை.

அது ஒன்றும் பெரிய கதவு இல்லை. நாலு பலகையைச் சேர்த்து அடித்து, இரண்டு தோல் வாரைக் கீலாக மாட்டின சோப்ளாங்கிக் கதவு. ஆடு முட்டினால்கூடத் திறந்துகொள்ளும். ஓட்டைவாயன் பின்வாங்கி ஓடிவந்து ஓங்கி ஓர் உதை விட்டான். "அம்மா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அறையைச் சுற்றி வந்தான். மலையை உதைத்த மாதிரி இருந்தது.

இருவரும் சேர்ந்து ஒரு தடிக் கட்டையைத் தூக்கி மோதினார்கள். கட்டை விரிசல் விட்டது. பலகையில் கீறல்கூட இல்லை.

"ஊருக்கே மூக்கு நீங்க," என்று மூச்சிரைக்கச் சொன்னான். "'உள்ளே போய்ப் பாருங்க'ன்னு சொன்னா சின்னக் குழந்தைகூடப் போகாதே அண்ணி!"

"ஆப்புன்னு சொன்னதும் ஆசையில புத்தி மழுங்கிடுச்சு," என்று அண்ணி தாராளமாக ஒப்புக்கொண்டாள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினாள். "தோல் வார் இந்தப் பக்கம்தான் இருக்கு. அறுத்துடு. கீல் போனா கதவு தானா விழும்."

மேல் வாரை அறுத்தான். கீழ் வாரை அறுத்தான். கதவு விழுந்தால் நசுங்கிவிடக் கூடாதென்று குதித்து ஒதுங்கினான்.

கதவு நின்றது. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, பிடித்துக்கொள்ள ஓர் ஆணிகூட இல்லை. அப்படியே நின்றது.

ஓட்டைவாயன் வாய் முதல் தடவையாக மூடிக்கொண்டது. துவாரத்தில் தெரிந்த வானத் துண்டு சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மதில் மேல் பறை அடிப்பார்கள். அந்தக் கிழ மனுஷரைக் கையைப் பிடித்து ஏற்றுவார்கள். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அவ முகத்துல எப்படி அண்ணி முழிப்பேன்? 'எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்துடு'ன்னா. 'இதோ'ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த ஆளுக்கு என்னைப் பிடிக்காது, நிஜம்தான். எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனா குளிர்காலத்துல எங்க வீட்டு வாசல்ல தினமும் விறகு கிடக்கும். யாரு போட்டதுன்னு கேட்டா சொல்லமாட்டார். அப்படிப்பட்ட மனுஷனை உருட்டி விடுவாங்க, நான் கட்டை அறைக்குள்ள உக்காந்திருப்பேன். சாண் ஏறினா முழம் சறுக்கும்பாங்க. நான் ஏறவே இல்லையே அண்ணி!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். மரத்தூள் பட்டு இன்னும் எரிந்தது.

அண்ணி அவன் தலையில் கை வைத்தாள். அவள் கண் கதவை விட்டு நகரவில்லை. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, பைத்தியம் பிடிக்கிறதுன்னா நாளைக்குப் பிடிக்கட்டும்."

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறோம்டா! கீல் இல்லாம நிக்கிற கதவை எங்கேயாவது பார்த்திருக்கியா?"

"இல்ல."

"பூட்டு தாழ்ப்பாள் இல்லாம நிக்கிற கதவை?"

"அது நம்ம கோட்டைக் கதவு..." என்றவன் நிறுத்தினான்.

அண்ணி தரையில் குப்புறப் படுத்துக் கதவுக்குக் கீழே கையை விட்டாள். விரல் நுனி அளவுக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. "சில்லுனு இருக்கு. இரும்பு. வெளியேர்ந்து ஆப்பு செருகியிருக்கா. எந்த ஆப்பு? அவசரத்துல கைக்குக் கிடைச்ச ஆப்பு. நேத்துலேர்ந்து மடியில மறைச்சு வெச்சுக்கிட்டிருந்த ஆப்பு!"

"அப்போ மந்திரம் சுத்தியல்ல இல்லையா?"

"சுத்தியல் வெறும் கனம். பிடி வெறும் மரம். மூடறதும் திறக்கறதும் இந்தத் துண்டு இரும்பு. அதனாலதான் பிடி மாறினாலும் ஆப்பு மாறக் கூடாதுன்னு வழக்கம். முதல் ஆளுங்களுக்குக் காரணம் தெரிஞ்சிருக்கும். அப்புறம் காரணம் போச்சு, வழக்கம் மட்டும் நின்னுச்சு. கதை சொல்றவன் சுத்தியலைப் பாடுவான். ஆப்பை எவன் பாடுவான்?"

"நமக்கு ஆப்பு வெச்சவளே பாடட்டும்! திறக்கிறது எப்படி?"

"உன் மாமனார் எப்படித் திறப்பார்? ஒரு அடி."

மரத்தூளுக்குள் ஒரு கொட்டாப்புளி கிடந்தது. உளியைத் தட்டுகிற மரச்சுத்தி. ஓட்டைவாயன் மண்டியிட்டு, நீட்டிக்கொண்டிருந்த இரும்பு நுனியைக் குறிபார்த்து ஓங்கி ஒரு போடு போட்டான்.

அறைக்குள் இடி விழுந்தது. கட்டைகளெல்லாம் சரிந்தன. கதவு வெளிப்பக்கம் மல்லாந்தது.

பட்டறை நடுவில் பிடிக்காரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஓட்டைவாயன் ஆப்பை எடுத்துக்கொண்டு அவள் மேல் பாய்ந்தான். "உன் பையன் படைக்குப் போகக் கூடாதுன்னு என் மாமனாரைச் சாகக் கொடுப்பியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"பனி விழற வரைக்கும்தான்," என்று விக்கினாள். "இன்னிக்கு ஒரு பொழுது கதவு திறக்காம இருந்தா போதும். பையன் பிழைச்சுடுவான்."

"அதுக்கு என் மாமனார்தான் கிடைச்சாரா?"

"தம்பி," என்றாள் அண்ணி, மெதுவாக. "ஒரு கதவைத் தட்டுறே. திறக்கலை. என்ன பண்ணுவே?"

"மறுபடி தட்டுவேன். வேறென்ன?"

"உலகத்துல எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. ஆயுசு பூரா அந்தக் கதவைத் திறந்த உன் மாமனார், ஒரு அடி அடிச்சுட்டு, சுத்தியலைக் கீழே வெச்சுட்டு, விலங்குக்குக் கையை நீட்டினாராம். ரெண்டாவது அடி அடிச்சுக்கூடப் பார்க்கலை. ஏன்?"

ஓட்டைவாயன் ஆப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

பிடிக்காரம்மா அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "நேத்து நாங்க பிடி போட்டுக்கிட்டு இருந்தப்போ தளபதி வந்தாரு. 'முன் வரிசைக்கு ஆள் எடுத்துட்டேன். உன் பையனும் உண்டு'ன்னாரு என்கிட்ட. அவர்கிட்ட திரும்பி, 'உன் மருமகனும் உண்டு. வாய் ஓயாம பேசறானே, பூதத்துக்கிட்ட போய்ப் பேசட்டும்'னு சிரிச்சுட்டுப் போனாரு. என் கையில பழைய ஆப்பு இருந்துச்சு. புது ஆப்பு ஒண்ணு கூடையில இருந்துச்சு. ஆப்பை மாத்தினா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. ஆனா மாத்தக் கூடாதுன்னு மட்டும் தெரியும். நான் புதுசை எடுத்தேன். உன் மாமனாரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தாரு. அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

"போறப்போ ஒண்ணு சொன்னாரு," என்றாள் அவள். "'யாராவது கேட்டு வந்தா பனி விழற வரைக்கும் உள்ளே போட்டு வை. அவன் வந்தா கண்டிப்பா போட்டு வை. அவன் கண்ணு முன்னாடி நான் சாக வேணாம்'னாரு."

ஓட்டைவாயன் அழுதான். வெட்கமே இல்லாமல் மூக்கு ஒழுக அழுதான். இத்தனை வருஷம் அந்த ஆளைப் பற்றிச் சந்து சந்தாகப் போய்ப் பேசின பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மதில் மேல் பறை அடிக்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணி, கதவைத் திறந்துடலாம். நான் போறேன் படைக்கு. அவர் உயிரோட இருந்தா போதும்."

"நீ போனா அவர் பொழைச்சும் பிரயோஜனம் இல்ல," என்றாள் அண்ணி. "இந்த அக்கா பையன் என்ன பண்ணுவான்? எல்லாரும் ஓடுங்க வாசலுக்கு. அக்கா, உங்க சுத்தியும் உளியும் எடுத்துக்கோங்க. தம்பி, நீ எப்பவும் போல பேசு. நிறுத்தவே நிறுத்தாதே."

மாமனாரை மதில் படியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டைவாயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கத்தினான். "தளபதி அவர்களே! சுத்தியல் நிஜம்! மாமனார் நிரபராதி! பிடிதான் சரியா உக்காரலை. பிடி ஆடினா இடி எப்படி இறங்கும்? உங்க தலை ஆடினா கிரீடம் நிக்குமா? நிக்காது! அதே கதைதான்!" அவன் பேசுகிற நேரத்துக்குள் பிடிக்காரம்மா புது ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பழைய ஆப்பை இறக்கிவிட்டாள்.

மாமனாரைக் கீழே இறக்கிக் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். அதைத் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வேதனையை ஓட்டைவாயனால் தாங்க முடியவில்லை.

"அடிங்க மாமா," என்றான். "தயவு பண்ணி அடிங்க."

அடித்தார். மலை அதிர்ந்தது. கல் கதவு விலகியது. அந்தப் பக்கம் கணவாய் வெறிச்சோடிக் கிடந்தது. படையில் ஒருத்தனும் சந்தோஷப்படவில்லை.

தளபதி மட்டும் துள்ளினார். "கவசத்தைப் போட்டுக்கிட்டு இதோ வரேன். நான் வந்து முதல் காலடி வைக்கிறேன், உடனே கிளம்பறோம்!" வாசலை ஒட்டியிருந்த தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா," என்றாள் அண்ணி. "பிடி இன்னும் கொஞ்சம் ஆடற மாதிரி இல்ல?"

"ஆமா, ஆடுது," என்றாள் பிடிக்காரம்மா. இரண்டு தட்டில் ஆப்பு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அங்கிருந்து ஓட்டைவாயன் கைக்குப் போனது. ஓட்டைவாயன் தளபதியின் அறைப் பக்கம் நடந்து போனான். செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்தான். கதவடியில் செருகிக் குதிகாலால் ஓர் உதை விட்டான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. "யாருடா கதவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

"யாரும் பிடிக்கலைங்க!" என்று காவலாளி ஓடிவந்து தள்ளினான். பத்துப் பேர் தள்ளினார்கள். கல் அறை, உச்சியில் புகை போகிற ஓட்டை மட்டும்தான்.

"குளிருக்கு மரம் உப்பி இறுகிப்போச்சு," என்றாள் அண்ணி, அக்கறையாக. "காய்ஞ்சா தானா திறந்துக்கும். தளபதி வராம யாரும் வாசல் தாண்டக் கூடாது இல்ல? சட்டம் சட்டம்தானே."

படையிலிருந்த பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் ஈட்டியைக் கீழே சாய்த்தான். திறந்த வாசல் வழியாக முதல் பனித்துகள் மிதந்து வந்தது. அப்புறம் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. பிடிக்காரம்மா கூட்டத்துக்குள் புகுந்து மகனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஓட்டைவாயன் தளபதியின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். யாரும் கீழே குனிந்து பார்த்துவிடக் கூடாதே. விலங்கு கழற்றின மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணுக்குச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன் மாமா."

"ம்."

"எனக்காகவா மாமா அப்படிப் பண்ணினீங்க?"

"உனக்காக எவன் பண்ணுவான்? நீ போயிட்டா அவ வாழ்நாள் பூரா அழுவா. நான் போனா கொஞ்ச நாள்." கொஞ்சம் பொறுத்து, "உனக்கு நாக்கு நீளம், புத்தி கட்டை. பூதம் என்ன, பூனைகூட உன்னை அடிச்சிடும்," என்றார்.

"நிஜம்தான் மாமா."

"சாப்பிட்டியா?"

"இல்ல. நீங்க?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போயிருந்தார். நேற்று ராத்திரி முழுக்கக் கண் மூடியிருக்கமாட்டார். தலை மெல்லச் சரிந்து சரிந்து அவன் தோளில் வந்து நின்றது. முதுகுக்குப் பின்னால் தளபதி கதவை உதைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் உதைக்கும் கிழவர் எழுந்துவிடப்போகிறாரே என்று ஓட்டைவாயன் கையை நீட்டி அவர் காதைப் பொத்திப் பிடித்துக்கொண்டான்.